புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை, வரிசைப்படி

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போன பிறகுதான் பலர் உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கும், கார்புரேட்டர் பாதி கழன்றிருக்கும். எது முதலில் இருந்த பழுது, எது இடையில் நாமே உண்டாக்கிய பழுது என்று பிரித்துப் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

தள்ளிக்கொண்டு போகும் வகைப் பெட்ரோல் புல்வெட்டி, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்: அதற்கான வழிமுறைதான் இது. எஞ்சினுக்கு வேண்டியவை மூன்றே. சரியான அளவில் காற்றும் நல்ல பெட்ரோலும், சரியான நேரத்தில் ஸ்பார்க், போதுமான கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அந்தக் கலவை அழுந்துவது). இவற்றில் எது வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் கயிற்றை இழுத்துப் பாருங்கள். பிளக், ஃபில்டர், பெட்ரோல் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எஞ்சின் ஓடலாம், ஆனால் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

1. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், ஒரு செட் பாக்ஸ் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கைப்பிடியில் ரப்பர் உறை போட்ட பிளேயர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, கண்ணாடி ஜாடி ஒன்று, பழந்துணி, மெல்லிய செம்புக் கம்பி இழை. அதே எண்ணுள்ள புதிய பிளக் ஒன்றும் இருந்தால் நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கிளீனர் ஸ்ப்ரே ஒரு சிறு துளையில் நுழைந்து இன்னொரு துளை வழியாக நேராக முகத்தில் பீய்ச்சும்.

திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் வேலை செய்யுங்கள். பிளேடின் பக்கம் கை போகும் முன் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி, தானாகத் திரும்பி ஒட்டாதபடி தள்ளி வையுங்கள். பிளேடைக் கையால் திருப்பினால் பிஸ்டனும் நகரும். பிளக் இணைப்பு இருந்தால் அந்த ஒரு அசைவிலேயே எஞ்சின் ஒருமுறை வெடித்துச் சுழலலாம்.

2. சாய்க்கும் முன் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம் உண்டு. நான் பார்த்த புதியவர்களில் பலர் முதல் தவறைச் செய்வது இங்கேதான். அடியில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்கப் புல்வெட்டியை ஏதோ ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறார்கள். ஆயில் ஏர் ஃபில்டருக்குள்ளும் கார்புரேட்டருக்குள்ளும் இறங்கிவிடுகிறது. பிறகு வெண்ணீலப் புகை வரும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது.

ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேல்நோக்கி இருக்கும்படி சாய்க்க வேண்டும். டேங்க்கில் பெட்ரோல் அதிகம் இருந்தால் முதலில் வடித்துவிடுங்கள்.

3. எதையும் கழற்றாமல் பார்க்க வேண்டியவை

ஆயில் அளவைக் குச்சியில் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அதிகப்படியான ஆயில் சிலிண்டருக்குள் ஏறிப் பிளக்கை நனைக்கும். குறைந்திருந்தால் அளவு வரை ஊற்றுங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது எஞ்சினைக் கொல்வதற்குச் சமம்.

பெட்ரோல் குழாயில் அடைப்பான் இருந்தால் திறந்திருக்கிறதா? சிரிக்க வேண்டாம், காயில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் சுருள்) வரை மாற்றிவிட்டு கடைசியில் இந்த அடைப்பான் மூடியிருந்ததைக் கண்டவர்கள் உண்டு.

கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கம்பியை முழுவதுமாக அழுத்தியிருக்கிறீர்களா? அந்தப் பாதுகாப்புக் கம்பி ஒரே கேபிளில் இரண்டு வேலை செய்கிறது. ஃப்ளைவீலின் (எஞ்சினோடு சுற்றும், காந்தம் பதித்த சக்கரம்) பிரேக்கை விடுவிக்கிறது, காயிலை நிறுத்தி வைத்திருக்கும் ஒயரையும் துண்டிக்கிறது. கேபிள் தளர்ந்து நீண்டிருந்தால் பிரேக் பாதிதான் விடும், ஸ்பார்க்கும் வராது. கயிறு கனமாக இருப்பதும் ஸ்பார்க் இல்லாததும் சேர்ந்து வந்தால் முதலில் இந்தக் கேபிளைப் பாருங்கள். இன்னொருவரைக் கம்பியை அழுத்தச் சொல்லி, எஞ்சின் பக்கத்தில் பிரேக் கை முழுவதுமாக நகர்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும்.

அடுத்தது சோக், கார்புரேட்டருக்குக் காற்று வரும் வாயை மூடும் தகடு. ஆறிய எஞ்சினுக்குச் சோக் மூடியிருக்க வேண்டும், சூடான எஞ்சினுக்குத் திறந்திருக்க வேண்டும். லீவர் நகர்வதை மட்டும் நம்பாதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் தகடு உண்மையிலேயே வாயை மூடுகிறதா என்று பாருங்கள். லீவர் கடைசி வரை போயும் தகடு கால்வாசி திறந்தே நிற்பது அடிக்கடி நடக்கும்.

சோக்குக்குப் பதில் ரப்பர் பல்பு இருந்தால், ஆறிய எஞ்சினுக்கு 3 முதல் 5 முறை, ஒவ்வொரு அழுத்தலுக்கும் இடையில் பல்பு முழுதாக உப்ப விட்டு அழுத்துங்கள். சூடாக இருக்கும்போது அழுத்த வேண்டாம். ஸ்டார்ட் ஆகவில்லையே என்று 15 முறை அழுத்தினால் சிலிண்டர் பெட்ரோலில் மூழ்கிவிடும்.

4. கயிறு எப்படி வருகிறது?

பெரும்பாலோர் கயிற்றை வேகமாக இழுக்க மட்டுமே செய்கிறார்கள். பிளக் தொப்பியைப் பிடுங்கிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள், அது நிறையச் சொல்லும்.

ஒரு இடத்தில் தடுத்து, அதைத் தாண்டியதும் லேசாகி, மறுபடி தடுத்தால் கம்ப்ரஷன் ஓரளவு இருக்கிறது. எங்குமே தடையில்லாமல் வெண்ணெயில் கத்தி போல வந்தால் வால்வு, பிஸ்டன் ரிங் அல்லது ஹெட் பேக்கிங்கில் கசிவு இருக்கலாம். நேராக 11-ஆம் பகுதிக்குப் போங்கள்.

ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கனமாக இருந்தால், பிளேடைச் சுற்றி ஈரப் புல் காய்ந்து இறுகியிருக்கலாம், அல்லது பிரேக் விடாமல் இருக்கலாம். புல்லைச் சுரண்டிவிட்டு மறுபடி இழுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது கயிறு திடீரென்று கையைப் பிடுங்கி உள்ளே இழுத்தால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, பிளேடு போல்ட் தளர்ந்திருக்கிறது. பல புல்வெட்டிகளில் ஃப்ளைவீல் எடை குறைவு, பிளேடின் எடையும் சேர்ந்துதான் சுழற்சியைத் தாங்குகிறது. பிளேடு லூசாக இருந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். இரண்டு, ஃப்ளைவீல் கீ அறுந்திருக்கிறது, 10-ஆம் பகுதியில் அதைச் சொல்கிறேன். போல்டை முதலில் பாருங்கள், அது 2 நிமிட வேலை.

5. பெட்ரோலை மாற்றுங்கள்

ஒரு மாதத்துக்கு மேல் டேங்க்கில் கிடந்த பெட்ரோலை நம்பாதீர்கள். எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்கிறது. முதலில் பறந்து போவதும் அதுதான். மிச்சம் நாளடைவில் பிசினாகிக் கார்புரேட்டரின் துளைகளில் படிகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவதும் அடியில் இருப்பதைத்தான். பெரும்பாலான சிறு எஞ்சின்களின் கையேடுகள் 10% வரைதான் எத்தனாலை அனுமதிக்கின்றன.

டேங்க்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனி அடுக்கு அல்லது உருண்டையான துளிகள் தெரிந்தால் தண்ணீர். நிறம் கருத்து, வார்னிஷ் போல நாற்றமடித்தால் பழையது. முழுவதையும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். பழையதன் மேல் புதியதை ஊற்றிக் கலப்பது பயன் தராது.

கேனையும் சோதியுங்கள். தண்ணீர் கேனில் இருந்தால் எத்தனை முறை டேங்க்கைக் கழுவினாலும் பழுது திரும்பி வரும்.

6. ஏர் ஃபில்டர்

ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது. ஃபில்டர் இல்லாமல் புல் வெட்டப் போகாதீர்கள், தூசி சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, லேசாகத் தட்டலாம், வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றலாம். ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாக உலர்த்தி, சில துளி எஞ்சின் ஆயில் விட்டுப் பிசைந்து, அதிகப்படியைப் பிழிந்து போடுங்கள்.

7. பிளக்கைக் கழற்றிப் படியுங்கள்

வழி பிரியும் இடம் இதுதான். 5 அல்லது 6 முறை கயிற்றை இழுத்தவுடன், தாமதிக்காமல் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள்.

நுனி காய்ந்து, பெட்ரோல் வாடையே இல்லையென்றால் சிலிண்டருக்குப் பெட்ரோல் போகவில்லை. ஸ்பார்க் சோதனையை முடித்துவிட்டுப் பெட்ரோல் வழியைத் தேடுங்கள்.

நனைந்து பெட்ரோல் மணந்தால், ஒன்று சிலிண்டரில் பெட்ரோல் தேங்கி ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது, அல்லது ஸ்பார்க் வரவில்லை. பிளக்கைத் துடைத்து உலர்த்துங்கள். சோக்கைத் திறந்துவிட்டு, பிளக் இல்லாமல் கயிற்றை 8 அல்லது 10 முறை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியே தெறிக்கும். துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். 15 நிமிடம் காயவிட்டு, சோக் போடாமல், பல்பை அழுத்தாமல் முயன்று பாருங்கள். ஓவர்ஃப்ளோ மட்டும்தான் காரணம் என்றால் இதிலேயே ஓடிவிடும்.

காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஃபில்டர் அடைப்பு அல்லது திறக்காமல் நிற்கும் சோக். பிசுபிசுப்பான கருப்பு ஆயில் என்றால் சாய்த்ததால் இறங்கிய ஆயிலா, அளவுக்கு மேல் ஊற்றியதா, தேய்ந்த ரிங்கா என்று அந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். இளம்பழுப்பு நிறம் என்றால் எரிதல் நன்றாகவே நடந்திருக்கிறது.

பிளக் நுனியில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். பல சிறு எஞ்சின்களுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. வரை சொல்லப்படும், உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. பீங்கானில் கீறல் தெரிந்தால் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். ஸ்பேனரை முதலிலேயே மாட்டினால் மரை கோணலாக ஏறி அலுமினிய ஹெட்டைக் கெடுத்துவிடும். வாஷர் உட்கார்ந்த பிறகு, புதிய பிளக்குக்கு அரைச் சுற்று, பழையதற்குக் கால் சுற்று போதும்.

8. ஸ்பார்க் வருகிறதா?

பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் தொடும்படி பிளேயரால் பிடியுங்கள். கையால் பிடித்தால் ஷாக் அடிக்கும். பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், ஒரு துணியால் துளையை மூடிவிடுங்கள், அதிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். இன்னொருவர் பாதுகாப்புக் கம்பியை அழுத்திக்கொண்டு கயிற்றை வேகமாக இழுக்கட்டும். பிளேடு சுற்றும், கால்களைத் தள்ளி வையுங்கள். மெதுவாக இழுத்தால் நல்ல காயிலும் ஸ்பார்க் தராது. ஃப்ளைவீல் காந்தம் காயிலைக் கடக்கும் வேகத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது.

நிழலில் நின்று பாருங்கள். நீலமாக, சத்தத்தோடு அடித்தால் நல்லது. மஞ்சளாக மங்கி வந்தாலோ வராவிட்டாலோ முதலில் புதிய பிளக்கைப் போட்டு மறுபடி சோதியுங்கள். வெளியில் அடிக்கும் பிளக் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அடிக்காமல் போவதும் உண்டு. அதனால்தான் காயில் மீது கை வைக்கும் முன் பிளக்கை மாற்றச் சொல்கிறேன்.

புதிய பிளக்கிலும் இல்லையென்றால், காயிலிலிருந்து நிறுத்தும் ஒயரைத் தற்காலிகமாகக் கழற்றி மீண்டும் பாருங்கள். இப்போது ஸ்பார்க் வந்தால் காயில் நல்லது, ஒயர் எங்கோ உலோகத்தில் உரசுகிறது அல்லது சுவிட்ச் ஒட்டியிருக்கிறது. இந்தச் சோதனையை பிளக் வெளியில் இருக்கும்போது மட்டும் செய்து, ஒயரை உடனே மாட்டிவிடுங்கள். அந்த ஒயர் இல்லாமல் ஓடும் எஞ்சினைக் கம்பியை விட்டு நிறுத்த முடியாது.

ஒயரும் காரணமில்லையென்றால் காந்தத்தின் துருவை மெல்லிய உப்புத்தாளால் நீக்குங்கள். காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பல எஞ்சின்களில் அது 0.25 முதல் 0.35 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். அதற்கும் பிறகுதான் காயிலை மாற்றுவது.

9. ஒரு கரண்டிப் பெட்ரோல் சோதனை, அதன் பிறகே கார்புரேட்டர்

ஸ்பார்க் இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது. இப்போது பிளக் துளைக்குள் அரைத் தேக்கரண்டிக்கு மேல் போகாமல் புதிய பெட்ரோல் விடுங்கள். சிந்தியதைத் துடைத்து, கேனைத் தூரமாக வைத்து, பிளக்கையும் தொப்பியையும் மாட்டிவிட்டு இழுங்கள்.

2, 3 வினாடி ஓடி நின்றால் ஸ்பார்க், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), கம்ப்ரஷன் மூன்றும் வேலை செய்கின்றன. பெட்ரோல் மட்டும் வந்து சேரவில்லை. கார்புரேட்டரைத் திறக்க இப்போது காரணம் இருக்கிறது. ஒரு வெடிப்பு கூட இல்லையென்றால், அல்லது சைலென்சரில் டப் என்று மட்டும் கேட்டால், கார்புரேட்டரைத் தொடாமல் 10-க்குப் போங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் திறக்கப்பட்ட நல்ல கார்புரேட்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில திறந்ததால்தான் பழுதாயின.

திறக்கும் முன் போட்டோ எடுங்கள், முக்கியமாகக் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) ஸ்பிரிங்கும் கம்பியும் எந்தெந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று. துளை மாறினால் எஞ்சின் வரம்பு மீறிய வேகத்தில் ஓடும், அது ஆபத்து.

கார்புரேட்டருக்குள் வரும் குழாயைக் கழற்றி ஜாடிக்குள் விடுங்கள். சீராக ஓடினால் டேங்க், ஃபில்டர், குழாய் மூன்றும் சரி. சொட்டினால் அங்கேயே அடைப்பு.

பிறகு அடைப்பானை மூடி, அடியில் உள்ள நட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்குங்கள். பல மாடல்களில் எஞ்சினிலிருந்து கார்புரேட்டரைப் பிரிக்காமலே இதைச் செய்யலாம். கிண்ணத்தில் துளித்துளியாகத் தண்ணீர், வெள்ளைப் பொடி, பழுப்புப் பிசின் ஏதாவது இருக்கும். அந்த நட்டையே கவனமாகப் பாருங்கள், பல கார்புரேட்டர்களில் அதுதான் ஜெட், பெட்ரோலை அளந்து விடும் பாகம். அதன் பக்கவாட்டிலும் நடுவிலும் உள்ள துளைகளில் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, செம்பு இழையால் துழாவுங்கள். ஊசியோ எஃகுக் கம்பியோ வேண்டாம். பித்தளைத் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும்.

மிதவையை விரலால் உயர்த்தினால் பெட்ரோல் நிற்க வேண்டும், விட்டால் வர வேண்டும். நிற்காவிட்டால் மிதவை ஊசியின் நுனி தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் இருக்கையில் குப்பை. ரப்பர் வளையங்களில் ஸ்ப்ரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பிப்போய்த் திரும்பப் பொருந்தாது. நட்டை அளவாக இறுக்குங்கள். அடைப்பானைத் திறந்து 5 நிமிடம் கசிவு பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

10. ஃப்ளைவீல் கீ

கல்லிலோ வேரிலோ பிளேடு மோதி நின்ற பிறகுதான் இந்தப் பழுது என்றால், முதல் சந்தேகம் இதுதான். ஃப்ளைவீலையும் கிராங்க் ஷாஃப்டையும் (எஞ்சினின் சுழலும் தண்டு) ஒரே கோட்டில் நிறுத்த ஒரு சிறு உலோகக் கீ இருக்கிறது. பல எஞ்சின்களில் அது மென்மையான உலோகத்தால் ஆனது. மோதலில் அது பாதி அறுந்தால் போதும், காந்தம் காயிலைக் கடக்கும் நேரம் மாறிவிடும். பெட்ரோல் வரும், ஸ்பார்க்கும் வரும், ஆனால் ஸ்பார்க் தப்பான நேரத்தில். கயிறு கையைப் பிடுங்குவதும் சைலென்சரில் வெடிப்பதும் இதனால்தான்.

ஃப்ளைவீல் நட்டைக் கழற்றி, கீ உட்காரும் இரண்டு பள்ளங்களும் நேராக இருக்கின்றனவா என்று மேலிருந்து பார்க்கலாம். மாறியிருந்தால் ஃப்ளைவீலைப் புல்லர் (பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுங்கள். ஷாஃப்ட் நுனியில் சுத்தியால் அடிக்காதீர்கள், மரை நசுங்கும். அதே மாடலுக்கான கீயை மட்டும் போடுங்கள். வெட்டிய இரும்புத் துண்டைச் செருகினால் அடுத்த மோதலில் கீக்குப் பதில் ஷாஃப்டும் ஃப்ளைவீலும் சேதமாகும். நட்டைக் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள்.

அப்படியே பிளேடின் நடு போல்டைப் பார்த்துக்கொண்டு கயிற்றை மெல்ல இழுங்கள், பிளக் தொப்பி கழன்றிருக்கட்டும். போல்ட் வட்டமாக ஆடினால் கிராங்க் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. அந்தப் புல்வெட்டியை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

11. கம்ப்ரஷனும் டாப்பெட்டும்

பிளக் மாட்டியிருக்க, தொப்பி மட்டும் கழன்றிருக்க, ஃப்ளைவீலை வழக்கமான திசைக்கு எதிராகக் கையால் சுண்டிவிடுங்கள். தடையில் மோதித் துள்ளித் திரும்பினால் கம்ப்ரஷன் போதும். துள்ளாமல் சோர்ந்து நின்றால் கசிவு. கேஜ் மாட்டி அளப்பதைவிட இது நம்பகமானது என்பேன். கயிறு லேசாக வருவதற்காகப் பல எஞ்சின்களில் ஸ்டார்ட் செய்யும்போது வால்வைச் சற்றுத் திறந்துவிடும் ஏற்பாடு உண்டு, அதனால் கேஜ் எண் எப்போதும் குறைவாகவே காட்டும்.

டாப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இடைவெளி அதிகமானால் அந்த ஏற்பாடு வேலை செய்யாமல் கயிறு கனக்கும். குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல், குறிப்பாகச் சூடானதும் ஸ்டார்ட் ஆகாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, கையேட்டில் உள்ள எண்ணுக்குச் செட் செய்யுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஹெட்டைக் கழற்றும் வேலை, அதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

12. ஓடிச் சில நிமிடத்தில் நின்றுவிட்டால்

உடனே டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மறுபடி ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேறும் இடத்துக்குக் காற்று வராமல் ஓட்டம் நின்றுபோகிறது.

மூடி காரணமில்லையென்றால், நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க் சோதனை செய்யுங்கள். சூடானதும் செத்து, ஆறியதும் உயிர்க்கும் காயில்கள் உண்டு. ஆறவிட்டுச் சோதித்தால் பிடிபடாது.

13. மீண்டும் ஓடிய பிறகு

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்க்கை வடித்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள், கிண்ணத்திலும் மிச்சமிருக்காது. ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றுவதானால் புதிய பெட்ரோலில் கலந்து, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேர 10 நிமிடம் ஓட்டுங்கள். பழைய பெட்ரோலில் ஊற்றினால் அது புதியதாகாது. கேன் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.